பட்ட பலாவிற் பயன்மரம் பெறுதல்

வீட்டு வளவில் நிற்கும் பலாமரம் ஒன்று இலையுதிர்த்துப் பட்டுப்போனால், பெரும்பாலான வீடுகளில் நிகழ்வது இரண்டிலொன்றாகும். "ஆறுதலாக வெட்டலாம்" என்று மாரியும் கோடையும் கடக்க அதனை அப்படியே விட்டுவிடுவர். அல்லது, படலையில் வந்து விசாரிக்கும் விறகு வியாபாரிக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுத்து, வளவு துப்புரவானதே போதுமென எண்ணுவர். இரண்டும் நட்டமே. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வளர்ந்த பலாவின் வைரம், கதவு, நிலை, வளை, அலுமாரி முதலியவற்றிற்கு ஏற்ற மரமாகும். மரம் பட்டதனால் அவ்வைரம் உடனே கெட்டுவிடுவதில்லை. ஆயினும், வீட்டுக்காரர் ஆறுதலாக முடிவு செய்யும்வரை அது காத்திருக்கவும் மாட்டாது. அம்மரத்தில் எவ்வளவு எஞ்சியுள்ளதென்று அறிந்து, அதனை வீணாக்காது பலகையாக்கும் முறையை இங்கே கூறுவோம்.

மரத்தினுள்ளே நிகழ்வது

பலாவின் அடிமரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு நிறங்கள் தெளிவாகத் தெரியும். பட்டையை அடுத்து வெண்மையான ஒரு வளையமும், அதனுள்ளே மஞ்சள் நிறமான நடுப்பகுதியும் இருக்கும். வெளியேயுள்ளது வெளிறு, உள்ளேயுள்ளது வைரம். உயிருள்ள மரத்தில் நீர் மேலேறுவது வெளிற்றின் வழியாகவே. மாப்பொருளும் வெல்லமும் சேமிக்கப்படுவதும் அங்கேதான். மரம் பட்டதும் இம்மாப்பொருள் துளைக்கும் வண்டுகளுக்கும் பங்கசுகளுக்கும் உணவாகின்றது. வைரத்தில் அவ்வகை உணவு இல்லை. அன்றியும், அதிற் படிந்துள்ள பொருள்கள் கறையானுக்கும் பங்கசுக்கும் ஒவ்வாதவை. பௌத்த பிக்குகளின் ஆடைக்கு மஞ்சட் சாயம் பெறுவதற்காகப் பலாச் சீவல்களை அவித்து வந்ததும் இவ்வைரத்தின் நிறத்திற்காகவே.

ஆகவே பட்ட மரம் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்நோக்கியே கெட்டுச் செல்லும். எனது அனுபவத்தில், மரம் பட்டு மூன்று மாதங்களுக்குள் அரிந்தால் வெளிற்றிலும் ஓரளவு பயன் பெறலாம். ஒரு மாரி கழிந்தால் வெளிற்றைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். இரண்டு மாரி கழிந்தபின் வைரத்தின் விளிம்பையும் இழக்க நேரிடும். முறிந்த கொப்பின் வாயிலாக மழைநீர் இறங்கும் மரமாயின், அல்லது வேர் அழுகிப் பட்ட மரமாயின், கேடு நடுவிலிருந்தும் தொடங்கக்கூடும். அத்தகைய மரம் வெளியே திடமாகத் தோன்றினாலும் உள்ளே கோறையாயிருக்கும்.

"நின்றபடியே காய்ந்த மரந்தானே, இனிப் பதப்படுத்த என்ன இருக்கிறது?" என்று பலர் வினவுவதுண்டு. இது தவறான எண்ணமாகும். கொப்புகளும் பட்டையும் உலர்ந்து சுருங்கியிருக்கும்போதும், தடித்த அடிமரத்தின் உட்பகுதி மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதனை அரிந்தவுடன் கதவாக்கினால், அடுத்த சோளகக் காற்றிற் கதவு கோணி, பலகைகளிடையே விரல் நுழையும் இடைவெளி தோன்றும்.

இதனைப் பிறருக்குப் போதிக்கும் நானே ஒருமுறை தவறினேன். எந்தையாரின் வளவிற் கிணற்றடியில் நின்ற பலா ஒன்று, வெள்ளம் வடியாது நின்ற ஒரு மாரிக்குப்பின் தை மாதத்திற் பட்டது. அக்கோடையிலேயே அதை அரிந்து, புதிதாகக் கட்டிய அறைக்கு நிலையும் கதவும் செய்வதென்று பேசினோம். கடமை நிமித்தம் நான் வெளியூரில் இருந்தமையால், "அடுத்த விடுமுறை, அடுத்த விடுமுறை" என்று நாள் கடந்தது. அடுத்த மாரியும் பெய்தது. பின்னர் வெட்டியபோது, அடியிலிருந்து நான்கு அடிவரை கறையான் புற்றும் தூளுமாயிருந்தது. மேற்றுண்டிற் பெற்ற பலகை ஒரு கதவிற்கு மட்டுமே போதியது. நிலைக்கு வேண்டிய மரத்தை மரக்காலையில் விலைகொடுத்து வாங்கினோம். எந்தையார் அதுபற்றி ஒன்றும் கூறவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

மரத்தைச் சோதித்தல்

முதலில் அடியைச் சுற்றிப் பாருங்கள். மண்ணாலான கறையான் வழிகள், தண்டிற் குடைபோலவோ அடைபோலவோ முளைத்துள்ள காளான்கள், துளைகளின் கீழே குவிந்த மாப்போன்ற தூள் ஆகியவை உள்ளனவா எனக் கவனிக்க வேண்டும். தூள் மட்டுமிருந்தால் வெளிறே உளுத்துள்ளது என்று கருதலாம். அடையாகத் தடித்த காளான் தோன்றினாற் கேடு ஆழமாகச் சென்றிருக்கும்.

அதன்பின் கோடரியின் பின்புறத்தால் அடியிலிருந்து கையெட்டும் உயரம்வரை சுற்றிலும் தட்டுங்கள். திடமான மரம் கணீரென ஒலிக்கும். கோறையான இடம் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் அரை அங்குலத் துறப்பணத்தால் ஆறு அங்குல ஆழத்திற்குத் துளையிட்டு, வெளிவரும் சீவலைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். மஞ்சளாகவும் சுருளாகவும் வந்தால் நன்று. நரைத்தும் ஈரமாகவும் பூஞ்ச மணத்தோடும் வந்தாலோ, சுருளாது தூளாக உதிர்ந்தாலோ அவ்விடம் கெட்டதென அறிக. துறப்பணம் திடீரெனத் தடையின்றி உட்சென்றால் அங்கே பொந்து இருக்கின்றது. இச்சோதனைக்கு அரைமணி நேரமே செல்லும். வியாபாரியோடு விலைபேசுமுன் இதனைச் செய்துகொள்ளுங்கள்.

மரத்தின் அளவையும் நீங்களே கணக்கிடலாம். மரக்காலைகளிற் காற்சுற்றளவு முறையே வழங்குகிறது. துண்டின் நடுவிற் கயிறு சுற்றிச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதனை நான்கால் வகுக்க வேண்டும். வந்த எண்ணை அதே எண்ணாற் பெருக்கி, அடியிலுள்ள நீளத்தாற் பெருக்கி, 144 ஆல் வகுத்தாற் கன அடி கிடைக்கும். 60 அங்குலச் சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள துண்டின் காற்சுற்றளவு 15 அங்குலம். 15 ஐ 15 ஆலும் பின் 8 ஆலும் பெருக்க 1800 ஆகும். 144 ஆல் வகுக்க 12½ கன அடி. இதே துண்டில் வெளிறு உளுத்து உதிர்ந்து, வைரத்தின் சுற்றளவு 48 அங்குலமாக எஞ்சினால், கிடைப்பது 8 கன அடி மட்டுமே. இங்கே கெட்டது சுற்றிவர இரண்டங்குலத்திற்கும் குறைந்த தடிப்பேயாகும். எனினும் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்ட மரம் அதனோடு போய்விட்டது. தாமதத்தின் விலை இதுவாகும்.

அனுமதியும் இரும்பும்

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது. பட்ட மரந்தானே என்றெண்ணி வாளை எடுத்துவிடாதீர்கள். கிராம அலுவலரிடம் மரத்தைக் காட்டி, பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரியும் ஆலைக்கு லொறியிலோ உழவு இயந்திரத்திலோ ஏற்றுமுன், வழியிற் காட்டவேண்டிய அனுமதிப்பத்திரம் பற்றியும் அப்பொழுதே விசாரித்துக்கொள்வது நன்று. இப்பத்திரம் கைக்கு வரச் சில நாட்கள் செல்லுமாகையால், மரம் பட்டதென உறுதியானவுடனேயே விண்ணப்பத்தைக் கொடுத்தல் வேண்டும்.

வளவு மரத்திற்கும் காட்டு மரத்திற்கும் உள்ள பெரிய வேறுபாடு இரும்பாகும். வளவு மரம் வேலிக்கு அருகே நின்று முட்கம்பியைத் தாங்கியிருக்கும். உடுப்புக் காயப்போடும் கொடிக்கு ஆணி ஏற்றிருக்கும். மாடு கட்டிய சங்கிலி அதன் பட்டையுள் மூழ்கியிருக்கும். ஆண்டுகள் செல்ல மரம் அதனை மூடி வளர்ந்துவிடும். வாளின் பல் அதிற் பட்டால் வாள் கெடுவதோடு, அரிபவருக்கும் காயம் நேரலாம்.

வட பகுதியில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டிற் சாவகச்சேரியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பாழாக்கிய போரைக் கண்ட பலாமரங்கள் தென்மராட்சியில் இன்றும் நிற்கின்றன. அவற்றின் உடலிற் குண்டுச் சிதறல்களும் துப்பாக்கி ரவைகளும் உள்ளன. இவ்வாறான மரங்களை அரிய ஆலைக்காரர் தயங்குவதில் நியாயமுண்டு. பட்டையில் வீக்கமோ, வடுவோ, சுருங்கிய துளையோ உள்ள இடங்களைச் சுண்ணாம்பினாற் குறியிடுங்கள். வெட்டிய முகத்தில் நீலமும் கருமையும் கலந்த கறை ஓடியிருந்தால், அருகே இரும்பு உண்டென்பது உறுதி. இரும்பறியும் கருவி வைத்திருக்கும் ஆலைகளிடம் அதனைக் கேட்டுப் பயன்படுத்தலாம். சிதறல் இருக்கும் இரண்டடித் துண்டைக் கழித்துவிட்டு மிகுதியை அரியக் கொடுப்பது, முழு மரத்தையும் விறகாக்குவதிலும் மேலானது. ஆனால், கவட்டிலோ வேரடியிலோ துருப்பிடித்த, இன்னதென்று அறியாத பொருள் எதையேனும் கண்டால், அதனைத் தொடவும் தட்டவும் ஆகாது. வேலையை நிறுத்திப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

வீழ்த்துதல்

பட்ட மரத்தை வீழ்த்துவது பச்சை மரத்தை வீழ்த்துவதிலும் ஆபத்தானது. பச்சை மரம் வளைந்து கொடுக்கும். பட்ட மரம் எச்சரிக்கையின்றி முறியும். வாளின் அதிர்ச்சியாலேயே மேலுள்ள காய்ந்த கொப்பு தலையில் வீழக்கூடும். ஆகையால் பட்ட மரத்தில் ஏறுவதையும், அதன் கொப்பிற் கயிறு கட்டித் தொங்குவதையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். பழகிய மரம்வெட்டுவோரைக் கொண்டே இவ்வேலையைச் செய்விக்க வேண்டும். மின்கம்பி அருகே செல்லுமாயின் மின்சார அலுவலகத்திற்கு அறிவித்து, மின்னோட்டத்தை நிறுத்தியபின்னரே வேலை தொடங்க வேண்டும்.

மாசி, பங்குனி மாதங்கள் இதற்குச் சிறந்தவை. மாரி ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் எழும்பியிராது, அரிந்த பலகையை உலர்த்த நீண்ட கோடையும் முன்னே இருக்கும். வீழ்த்த வேண்டிய பக்கத்தில், விட்டத்தின் நாலிலொரு பங்கு ஆழத்திற்கு வாய் வெட்டி, எதிர்ப்பக்கத்தில் அதற்கு இரண்டங்குலம் மேலாக வாள் போடுவது வழக்கம். இடையில் வெட்டாது விடும் மரமே கீல்போல் நின்று, மரம் வீழும் திசையை நடத்தும். அடி கோறையாயிருந்தால் அக்கீல் தாங்காது. அத்தகைய மரத்தைத் திடமான பகுதி தொடங்கும் உயரத்தில் வெட்டுவதே நன்று. மரம் சாயத் தொடங்கியதும் வெட்டுபவர் பின்புறமாகச் சரிந்து விலகுவதற்கு ஒரு வழியை முன்னரே துப்புரவாக்கி வைத்தல் வேண்டும். பிள்ளைகளும் ஆடுமாடுகளும் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்திற்கு அப்பால் நிற்கட்டும்.

துண்டாக்கலும் அரிதலும்

வீழ்ந்த அன்றே பட்டையை உரித்துவிடுங்கள். வண்டுகள் முட்டையிடுவது பட்டைக்கும் வெளிற்றிற்கும் இடையிலாகும். துண்டுகளின் இரு முகங்களுக்கும் பழைய பெயின்றையோ மெழுகையோ தடிப்பாகப் பூசினால், அவை விரைவாக உலர்ந்து வெடிப்பது குறையும். ஒன்றுமில்லையாயின் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினாலும் ஓரளவு பயனுண்டு.

எங்கே துண்டாக்குவது என்பதிலேயே மரத்தின் பயன் தங்கியுள்ளது. வளைந்த மரத்தை நீளமாக விட்டு அரிந்தாற் பாதி கழிவாகும். வளைவில் துண்டித்து இரண்டு நேரான குறுந்துண்டுகளாக அரிந்தால் கழிவு குறையும். ஏழடிக் கதவிற்கு ஏழடி ஆறங்குலம் விட்டு வெட்ட வேண்டும். முனைகள் வெடித்தாற் கழிப்பதற்கு அது உதவும். கவட்டுப் பகுதியை விறகுக் குவியலில் எறிந்துவிடாதீர்கள். அங்கே நார் பின்னிக் கிடப்பதால் அழகிய வரிகள் தோன்றும். மேசைத்தட்டிற்கும் அலுமாரி முகத்திற்கும் தச்சர் அதனை விரும்பி வாங்குவர். இரண்டடி நீளமான, வெடிப்பில்லாத உருண்டைத் துண்டும் அவ்வாறே. மிருதங்கக் கட்டை கடைவது பலாவிலாகும். இவ்விரண்டையும் விறகோடு விறகாக நிறுத்து விற்ற வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

பட்ட மரத்தின் துண்டில் நடுவிலிருந்து வெளிநோக்கிய வெடிப்பு ஒன்றேனும் பெரும்பாலும் இருக்கும். ஆலையிற் கொடுக்கும்போது, பெரிய வெடிப்பின் போக்கிலேயே முதல் வாளைப் போடும்படி கேளுங்கள். அப்பொழுது அவ்வெடிப்பு ஒரு பலகையோடு போய்விடும். குறுக்காகப் போட்டால் எல்லாப் பலகையிலும் அது தோன்றும். மரத்தின் நடுநெஞ்சு உலரும்போது பிளப்பதால், அதனை ஒரு தடித்த சட்டத்தினுள் அடங்கவிட வேண்டும். அன்றேல் நீக்கிவிட வேண்டும். சீவி முடித்தபின் ஓர் அங்குலம் வேண்டுமாயின் ஒன்றேகால் அங்குலத்திற்கு அரிவியுங்கள். கோறையான துண்டையும் உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. சுற்றியுள்ள திடமான பகுதி நான்கங்குலத் தடிப்பாயினும், நாலாகப் பிளந்து சிலாகைகளும் தேனீப்பெட்டிக்கு வேண்டிய சிறு பலகைகளும் பெறலாம்.

அடுக்கி உலர்த்தல்

அரிந்த பலகையைச் சுவரிற் சாத்திவைப்பதும் வெயிலிற் பரப்புவதும் பழகிப்போன தவறுகள். சுவரிற் சாத்தினாற் கூனும். வெயிலிற் பரப்பினாற் பிளக்கும். நிழலுள்ள, காற்றோட்டமான இடத்தில், நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்திற் சீமேந்துக் கற்களின்மேல் மட்டமாகத் தாங்கிகளை வையுங்கள். அதன்மேல் ஒரு வரிசை பலகை, குறுக்கே ஓர் அங்குலக் கனமான உலர்ந்த குச்சிகள், ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மறுபடியும் பலகை. மேலுள்ள குச்சி கீழுள்ள குச்சிக்கு நேர்மேலே இருத்தல் இன்றியமையாதது. சற்று விலகினாலும் பலகை அவ்விடத்தில் வளைந்து, அவ்வளைவோடே உலர்ந்துவிடும். உச்சியிற் கற்களைப் பாரமாக ஏற்றி, கிடுகினால் மழைபடாது மூடுங்கள். பக்கங்களை மூடலாகாது.

வறண்ட வலயத்தின் கோடையில் ஓர் அங்குலப் பலகைக்கு மூன்று, நான்கு மாதங்கள் போதும். இரண்டங்குலத்திற்கு இதனிலும் இருமடங்கிற்கு மேலாகும். நாட்கணக்கை மட்டும் நம்பாது, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சிறு பலகையைத் தெரிந்து, கிழமைக்கொருமுறை தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள். தொடர்ந்து மூன்று கிழமை நிறை குறையாது நின்றால் தச்சரை அழைக்கலாம்.

வெளிறு கலந்த பலகையை வீட்டினுள்ளே பயன்படுத்த விரும்பினால், அடுக்குமுன்பே அதற்கு மருந்தூட்ட வேண்டும். 100 லீற்றர் நீரில் 3 கிலோகிராம் வெண்காரமும் 2 கிலோகிராம் போரிக் அமிலமும் கரைத்து, ஈரமான பலகையை அதில் இரண்டு நாட்கள் அமிழ்த்தி வைத்தால் வண்டு துளைப்பது பெரிதுந் தடைப்படும். மழை நனைக்கும் இடத்திற்கு இம்முறை உதவாது; மருந்து கரைந்து போய்விடும். கையுறை அணிந்தே இதனைச் செய்ய வேண்டும். தொட்டியைப் பிள்ளைகளும் கால்நடையும் அணுகாவண்ணம் மூடிவைத்தல் வேண்டும். எஞ்சிய கரைசலைத் தோட்டத்திலோ கிணற்றடியிலோ ஊற்றினால் அங்குள்ள பயிர் கருகும். ஆதலால் வேண்டிய அளவிற்கு மட்டும் கரைத்து, அடுத்தடுத்த பலகைகளிலேயே முடித்துவிடுவது சிறந்தது.

ஏனைய மரங்கள் பற்றிச் சிறிது கூறலாம். வேம்பிற்கும் மேற்கூறிய யாவும் பொருந்தும். அதன் வைரம் செந்நிறமானது, கறையானுக்கு எளிதில் இடங்கொடாதது. மாமரத்தில் வைரம் வேறு, வெளிறு வேறு எனப் பிரிவு தெளிவாயில்லை. ஆகவே அது முழுவதும் ஒன்றாகவே கெடும். பட்டு இரண்டு மூன்று கிழமைக்குள் அரியாவிட்டால் ஆசையை விட்டுவிடுவதே மேல். தென்னையிலும் பனையிலும் வைரம் வெளியே இருக்கின்றது. அவற்றின் உட்சோற்றியை நீக்கி, முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியையே வளைக்கும் சிலாகைக்கும் எடுக்க வேண்டும்.

இறுதியாக அடிக்கட்டையைக் கவனியுங்கள். பலா எதனாற் பட்டதென்பதை வேரே கூறும். வேரின்மேல் வெள்ளை நூல் பரந்தாற்போலவோ, மண்ணும் கல்லும் ஒட்டிய கபில நிறப் படையாகவோ பங்கசு காணப்பட்டால், அது வேர் வழியே அயல் மரத்திற்கும் பரவும். அவ்வாறாயின் கட்டையையும் தடித்த வேர்களையும் தோண்டியெடுத்து அவ்விடத்திலேயே எரிக்க வேண்டும். அயலிலுள்ள மரங்களின் அடியில் விறகாக அடுக்கலாகாது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி பெறாத காணியில் எதையும் தோண்டாதீர்கள். புதிய கன்றைப் பழைய குழியில் வையாது, 20 அடியேனும் விலகி, வெள்ளம் நில்லாத மேட்டில் நடுங்கள். பலாக்கொட்டை உலர்ந்தால் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆகையால் நல்ல பழமொன்றை உண்ட அன்றே அதன் பெரிய கொட்டைகளைக் கழுவிப் பையில் ஊன்றிவிடுங்கள். மாரி தொடங்கும்போது கன்று நடுவதற்கு ஆயத்தமாயிருக்கும்.